ஆப்பிரிக்க மொழி, இலக்கியத்தில் பி.எச்.டி.: வடசென்னையிலிருந்து கிளம்புபவருக்கு ஒரு வழிகாட்டி

வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியிலோ, வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரியிலோ, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியிலோ படித்துவிட்டு, ‘ஆப்பிரிக்க இலக்கியத்தில் பி.எச்.டி. பண்ணணும்’ என்று வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: எந்த மொழியில்? பெரும்பாலும் வரும் பதில், ‘இங்கிலீஷ்லதான் சார்.’

அதில் தவறில்லை. ஆனால் அது வேறு படிப்பு. நைஜீரிய, கென்ய எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்களை ஆராய நீங்கள் சென்னையை விட்டு எங்கும் போக வேண்டாம். நல்ல ஆங்கிலத் துறை ஒன்றும் பொறுமையான நெறியாளர் ஒருவரும் போதும். இந்தக் கட்டுரை இன்னொரு படிப்பைப் பற்றியது. ஸ்வாஹிலியிலோ ஹவுசாவிலோ ஜூலுவிலோ எழுதப்பட்டதையும் பாடப்பட்டதையும் அந்த மொழியிலேயே வாசித்து, கேட்டு, ஆராய்வது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கண்டத்திலேயே பெரிய சண்டையாக நடந்தது. 1962 ஜூனில் உகாண்டாவின் மக்கெரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. அழைப்பு ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு மட்டும். ஸ்வாஹிலியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கு அதில் இடமில்லை. அதே மாதம் அவர் இறந்தும் போனார். மாநாட்டுக்கு இளைஞராகப் போயிருந்த கூகி வா தியாங்கோ, 1968இல் நைரோபி பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையையே ஒழிக்க வேண்டும் என்று இரண்டு சக ஆசிரியர்களோடு சேர்ந்து அறிக்கை எழுதினார். பிறகு ஆங்கிலத்தில் நாவல் எழுதுவதை விட்டுத் தன் தாய்மொழியான கிக்கூயுவுக்குத் திரும்பினார். 2025 மே மாதம் காலமானார். இந்தத் துறைக்குள் நுழையும் எவரும் அந்தச் சண்டையில் ஏதோ ஒரு பக்கம் நின்றாக வேண்டும். மொழி தெரியாமல் ‘காலனிய நீக்கம்’ பற்றி ஆய்வேடு எழுதுவது எனக்கு விளங்காத காரியம்.

ஆகவே வரிசை இது: மொழி, கேள்வி, நெறியாளர், பணம், காகிதம். பலரும் ‘லண்டனா ஜெர்மனியா’ என்று நாட்டிலிருந்து தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் விண்ணப்பத்தில் எழுத எதுவும் இருக்காது.

முதல் படி: ஒரு மொழியைப் பிடியுங்கள்

ஆப்பிரிக்காவில் சுமார் 2000 மொழிகள். பிஎச்.டி. அளவில் கற்பிக்கவும் நெறிப்படுத்தவும் ஆள் கிடைப்பது அவற்றில் மிகச் சிலவற்றுக்கே. வெளியாருக்கு நடைமுறையில் சாத்தியமானவை ஸ்வாஹிலி, நைஜீரியாவின் ஹவுசா, யொரூபா, தென்னாப்பிரிக்காவின் ஜூலு, எத்தியோப்பியாவின் அம்ஹாரிக். தனியே இருந்து கற்கப் போகிறவருக்கு என் பரிந்துரை ஸ்வாஹிலி. தான்சானியா, கென்யா, உகாண்டா, கிழக்குக் காங்கோ வரை புழங்குகிறது. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் ஆட்சிமொழிகளில் ஒன்று. ரோமன் எழுத்தில் எழுதுவதால் எழுத்து கற்கும் வேலை இல்லை. இதன் உறவு மொழிகளான பான்டு மொழிகள் பலவற்றில் உள்ளதுபோல் தொனி மாறினால் பொருள் மாறும் சிக்கலும் இதில் கிடையாது.

தமிழருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. ‘நினாகுபெண்டா’ என்ற ஒரே வினைச்சொல்லில் நான், நிகழ்காலம், உன்னை, நேசி என்ற நான்கும் அடுக்கி நிற்கின்றன. ‘வந்துகொண்டிருந்தேன்’ என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு இந்த அடுக்கு அச்சமூட்டாது. நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான். பெயர்ச்சொற்கள் வகுப்புகளாகப் பிரிந்திருக்கும்: ஒரு புத்தகம் ‘கிதாபு’, பல புத்தகம் ‘விதாபு’. வினையும் பெயரடையும் அந்த வகுப்புக்கு ஏற்ப மாறும். உயிருள்ளவற்றுக்குத் தனி இயைபு. திணை இலக்கணம் படித்த தமிழ் எம்.ஏ.காரர் இதை இரண்டே நாளில் பிடித்துக்கொள்வார். பக்கத்து மேசையில் ஆங்கில எம்.ஏ.காரர் இன்னும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

யொரூபாவைத் தேர்ந்தால் மூன்று தொனிகளுக்குக் காதைப் பழக்க வேண்டும். ஜூலுவில் நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் இருக்கின்றன. ஆசிரியர் இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். அம்ஹாரிக்குக்குத் தனி எழுத்து. ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு உருமாறும் முறை நம் உயிர்மெய் வரிசையை ஒத்தது என்பதால் பார்க்கும்போது உள்ள பயம் எழுதும்போது இருக்காது.

எங்கே கற்பது? டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வுகள் துறை 1955 முதல் இருக்கிறது, ஸ்வாஹிலி சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. டெல்லி போக முடியாதவர்களுக்கு, அமெரிக்க வெளியுறவுத் துறை 1960களில் தன் அதிகாரிகளுக்காகத் தயாரித்த ஸ்வாஹிலி அடிப்படைப் பாடம் ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பழைய பாணிதான், ஆனால் உறுதியானது. கைப்பேசிச் செயலிகளில் டுவாலிங்கோவில் ஸ்வாஹிலியும் ஜூலுவும் உண்டு. அதைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், படிப்பாக நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து பி.பி.சி. ஸ்வாஹிலியும் டாய்ச்ச வெல்லே ஸ்வாஹிலியும் தினம் கேட்க வேண்டும். முன்னது 1957 முதலும் பின்னது 1963 முதலும் ஒலிபரப்பாகின்றன. வண்ணாரப்பேட்டையிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோவில் போய்வரும் நேரத்துக்குள் ஒரு நாளின் செய்தி முடிந்துவிடும்.

பேச ஆள் வேண்டுமே? சென்னைக் கல்லூரிகளில் இந்திய கலாச்சார உறவுகள் கழகத்தின் உதவித்தொகையிலும் சொந்தச் செலவிலும் படிக்கும் தான்சானிய, கென்ய மாணவர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் அவர்கள் உங்களுக்கு ஸ்வாஹிலி, நீங்கள் அவர்களுக்குத் தமிழ் என்று ஒப்பந்தம் போடலாம். வீட்டு வாடகைக்கு அலையும்போதும் ஆட்டோவிலும் அவர்கள் கேட்க நேரும் பேச்சை நாம் அறிவோம். அதனால் ‘ப்ராக்டிஸ்’ மட்டும் கேட்டுப் போகாதீர்கள். மனிதராகப் பழகுங்கள், மொழி தானாக வரும்.

இரண்டாம் படி: ஆய்வுக் கேள்வி

இதில்தான் அதிக நேரம் செலவழிய வேண்டும். முதல் வேலை, ‘ஷோத்கங்கா’ இணையதளத்தில் இந்தியாவில் ஏற்கெனவே ஏற்கப்பட்ட ஆய்வேடுகளைத் தேடுவது. ஆப்பிரிக்கா என்று தேடினால் குவிபவை பெரும்பாலும் ஆங்கில நாவல்கள் பற்றியவை. ‘இன்னார் நாவல்களில் பெண்’, ‘இன்னார் நாவல்களில் அடையாளம்’. அந்தக் குவியலில் நீங்களும் ஒன்று சேர்க்க வேண்டாம்.

இந்தத் துறையின் உயிர் வாய்மொழி இலக்கியத்தில் இருக்கிறது. ஜூலு மன்னர்களைப் புகழும் இசிபோங்கோ, ஸ்வாஹிலியின் நீண்ட டென்சி பாடல்கள், சோமாலிக் கவிதை. இவை எல்லாம் நிகழ்த்தப்படுபவை. ஜூலுவும் சேர்ந்த ங்குனி மொழிகளின் வாய்மொழி, எழுத்து இலக்கியங்களை ஆராய்ந்துதான் பெனடிக்ட் வாலட் விலக்காசி 1946இல் தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின முனைவர் ஆனார். தொடங்க வேண்டிய நூல், ரூத் ஃபின்னகன் 1970இல் எழுதிய ஆப்பிரிக்க வாய்மொழி இலக்கிய அறிமுகம். இப்போது அதன் திருத்திய பதிப்பு இணையத்தில் இலவசம்.

வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் வளர்ந்தவருக்கு இது புதிய விஷயமே இல்லை. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடும் மரண கானாவைக் கேட்டிருப்பீர்கள். பாடகர் இறந்தவரின் பெயரை, தெருவை, வேலையை, கூட்டாளிகளை அந்த இடத்திலேயே பாட்டில் ஏற்றுவார். கூட்டம் தாளம் போட்டு அவரை இழுத்துக்கொண்டே போகும். எழுதிவைத்த வரி எது, அந்த நொடியில் பிறந்த வரி எது என்று பிரித்துக் கேட்கத் தெரிந்த காது உங்களுக்கு இருக்கிறது. மேற்கத்திய மாணவர் பலருக்கு அதை வகுப்பில் கற்றுத் தர வேண்டியிருக்கும். அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். கூச்சப்பட்டு மறைத்துவிட்டு, எல்லோரும் எழுதும் கோட்பாட்டுப் பெயர்களை அடுக்காதீர்கள்.

எந்த மாதிரிக் கேள்வி நல்ல கேள்வி என்று காட்ட மூன்று சொல்கிறேன்.

தான்சானியத் தீவான சான்சிபாரின் தாராப் இசைப் பாடகி சித்தி பின்த் சாத் 1928இல் கப்பலேறி பம்பாய் வந்து இசைத்தட்டுகள் பதிவுசெய்தார். ஸ்வாஹிலிப் பாட்டு இசைத்தட்டாக உருமாறியபோது நிகழ்த்துதலில் எது சுருங்கியது, எது புதிதாக வந்தது? இந்தியாவிலிருந்து ஆராய்பவருக்கு இதில் இயல்பான உரிமை இருக்கிறது.

வட நைஜீரியாவின் கானோ நகரச் சந்தைகளில் 1980கள் முதல் ஹவுசா மொழிக் காதல் குறுநாவல்கள், பெரும்பாலும் பெண்கள் எழுதியவை, மலிவு அச்சில் விற்றன. இந்தி சினிமாவின் சாயல் அவற்றில் இருக்கிறது என்று அங்கேயே பெரிய சர்ச்சை நடந்தது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்களோடு வைத்துப் பார்த்தால், மலிவு அச்சு வாசகரை எப்படி உருவாக்குகிறது என்ற கேள்வி பிறக்கும்.

மூன்றாவது நம் கடற்கரையிலேயே தொடங்குகிறது. 1860 அக்டோபரில் மெட்ராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நாடால் பகுதியில் உள்ள டர்பன் சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களில் தமிழும் ஜூலுவும் அருகருகே புழங்கின. தோட்டத்தில் புழங்கிய கலப்புமொழி, பாட்டு, வசவு எல்லாம் ஆய்வுப்பொருள். மெட்ராஸ் அரசின் குடியேற்ற ஆவணங்கள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் போய்விடலாம். லண்டன் மாணவர் விமானம் ஏறி வர வேண்டிய இடம் அது. ஆனால் இந்தத் தலைப்பில் பணச் சிக்கல் ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: இடமும் நெறியாளரும்

துறைகளின் பெயர்கள் ஏமாற்றும். அமெரிக்காவின் விஸ்கான்சின்–மாடிசனில் 1964இல் ஆப்பிரிக்க மொழிகள், இலக்கியத் துறை என்று தொடங்கியது, இன்று ஆப்பிரிக்கப் பண்பாட்டு ஆய்வுகள் துறை. பழைய பெயரில் தேடினால் கிடைக்காமல் போகலாம். தான்சானிய நாவலாசிரியர் யூஃப்ரேஸ் கெசிலஹாபி 1980களில் முனைவர் பட்டம் பெற்றது அங்கேதான். லண்டனின் கீழைத்தேய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியான சோவாஸ் 1916இலும், ஹாம்பர்க்கின் ஆப்பிரிக்க மொழிப் பேராசிரியர் பதவி 1909இலும் காலனி அதிகாரிகளுக்குப் பயிற்சி தரத் தொடங்கப்பட்டவை. அந்த வரலாற்றையும் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள். ஜெர்மனியில் பைராய்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆப்பிரிக்க ஆய்வுக்கென்றே 2007இல் தொடங்கிய முனைவர் பட்டப் பள்ளி உண்டு. ஹாம்பர்க் எத்தியோப்பியச் சுவடிகளுக்குப் பேர் போனது. நெதர்லாந்தின் லெய்டன், பாரிஸின் கீழைமொழி நிறுவனமான இனால்கோ ஆகியவையும் பட்டியலில் வர வேண்டும். ஐரோப்பாவில் மொழித் துறைகள் சுருங்கிவருகின்றன. நீங்கள் விரும்பும் மொழி இந்த ஆண்டும் கற்பிக்கப்படுகிறதா என்று பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

ஆப்பிரிக்காவையே யாரும் யோசிப்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. ஸ்வாஹிலிக்கு தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் ஸ்வாஹிலி ஆய்வு நிறுவனத்தை விட வலுவான இடம் ஏது? யொரூபாவுக்கு இபாதான், ஹவுசாவுக்கு கானோவின் பயேரோ, அம்ஹாரிக்குக்கு அடிஸ் அபாபா, ஜூலுவுக்கு குவாசுலு–நாடால். ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க இலக்கியத்துக்கென 1983இல் துறை தொடங்கியவர் எஸ்கியா ம்பாஷ்லேலே. உதவித்தொகை குறைவு, ஆனால் மொழி தெருவில் கிடைக்கும். சான்சிபாரில் 2023 முதல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் வளாகமே இயங்குகிறது. மொழிப் படிப்பு அதில் இல்லை என்றாலும், ‘அந்த ஊருக்கா?’ என்று வீட்டில் பதறினால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர்.

நாட்டை விட்டுப் போக முடியாத நிலை என்றால், டெல்லிப் பல்கலைக்கழகமும் ஜே.என்.யு.வின் ஆப்பிரிக்க ஆய்வு மையமும் உள்ளன. இரண்டிலும் அரசியல், வரலாற்றுச் சாய்வு அதிகம். இலக்கியம்தான் உயிர் என்றால் 1956இல் தொடங்கிய ஜாதவ்பூர் ஒப்பிலக்கியத் துறை நல்ல இடம். இங்கே பதிந்துவிட்டு, ஆறு முதல் ஒன்பது மாதம் அமெரிக்காவில் ஆய்வு செய்ய ஃபுல்பிரைட்–நேரு உதவித்தொகைக்குப் போட்டியிடலாம்.

நெறியாளரைத் தேடும்போது பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். கடந்த ஐந்தாண்டில் அவர் எழுதிய கட்டுரைகளில் இரண்டையாவது படியுங்கள். ‘ஸ்வாஹிலி ஃபோரம்’ இதழ் இணையத்தில் இலவசம். ஆப்பிரிக்காவிலேயே வெளியாகும் இதழ்களுக்கு ‘ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்’ தளம் இருக்கிறது. பிறகு மின்னஞ்சல், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். நீங்கள் யார், உங்கள் கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த வாதத்தோடு அது உரசுகிறது, மொழியில் எந்த நிலையில் இருக்கிறீர்கள், புதிய மாணவரை எடுக்கிறாரா. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொற்பாதம் பணிந்து’ பாணி அங்கே எடுபடாது. ஸ்வாஹிலிப் பேராசிரியருக்கு எழுதினால் முதல் இரண்டு வரியை ஸ்வாஹிலியில் எழுதுங்கள். பிழை இருந்தாலும் பரவாயில்லை. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், பிறகு அடுத்தவர்.

நான்காம் படி: பணம்

‘இன்னா படிப்புடா இது, முடிச்சா வேல கெடைக்குமா?’ என்று நைனா கேட்பது நியாயம். ஹார்பர் வேலையில் பிள்ளையைப் படிக்கவைத்தவருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். இந்தியாவில் ‘ஆப்பிரிக்க மொழிப் பேராசிரியர்’ பணியிடம் விரல்விட்டு எண்ணும் அளவே. வேலை கிடைத்தால் அது ஒப்பிலக்கியம், ஆங்கிலம், மொழியியல் துறைகளிலும், மொழிபெயர்ப்பிலும், ஆப்பிரிக்க மொழிகளுக்கான கணினித் தொழில்நுட்பத்திலும்தான். அதனால் என் விதி: முழு நிதி இல்லாமல் போகாதீர்கள். இந்தப் படிப்புக்காக வீட்டை அடமானம் வைக்கக் கூடாது, கல்விக் கடனும் வாங்கக் கூடாது.

அமெரிக்கத் துறைகளில் பி.எச்.டி. சேர்க்கை பெரும்பாலும் கட்டண விலக்கோடும் உதவி ஆசிரியர் சம்பளத்தோடும் வரும். சேர்க்கைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அங்கே மொழி கற்க அரசு தந்துவந்த ‘ஃப்ளாஸ்’ உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்கும் மட்டும் என்றே இருந்தது. பல இணையப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட்டின் உதவித்தொகையோ, ஆய்வுத் திட்டத்தில் சம்பள வேலையோ கிடைத்தால் போதும். இரண்டும் இல்லாமல் விசா கேட்டால் ஆண்டுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் (மாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கு) காட்ட வேண்டும் என்பது 2024 நிலவரம். பிரிட்டனுக்கு காமன்வெல்த், ஃபீலிக்ஸ் போன்ற உதவித்தொகைகள் இந்த ஆண்டு இந்தியர்களுக்குப் பி.எச்.டி.க்குத் தரப்படுகின்றனவா என்று பார்த்து முயலலாம்.

பட்டியல் இனத்தவர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்தினருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், 60 சதவீத மதிப்பெண். மேலே சொன்ன சிக்கல் இங்கேதான். 2022 முதல், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தத் தொகை கிடையாது. ஸ்வாஹிலிக் கவிதை என்றால் தடையில்லை. ‘நாடால் தமிழர்’ என்று தலைப்பில் எழுதினால் கேள்வி கேட்பார்கள். இது எவ்வளவு அநியாயமான விதி என்று தனிக் கட்டுரையே எழுதலாம். இப்போதைக்கு, ஆய்வுத் திட்டத்தின் மையத்தில் ஜூலுவும் தென்னாப்பிரிக்காவும் உண்மையாகவே இருக்கும்படி கேள்வியை அமைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் வெளிநாட்டு உயர்கல்விக்கு உதவித்தொகை வழங்குகிறது. அதையும் விசாரியுங்கள்.

உள்நாட்டில் சேர்கிறவருக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தேர்வில் ஆப்பிரிக்க மொழி என்று பாடம் இல்லை. ஒப்பிலக்கியம், மொழியியல், பன்னாட்டு மற்றும் வட்டார ஆய்வுகள், ஆங்கிலம், தமிழ் இவற்றில் உங்கள் எம்.ஏ.வுக்கு ஒத்ததை எழுதுங்கள்.

ஐந்தாம் படி: காகித வேலை

இதில் சொல்ல அதிகமில்லை, தாமதம் மட்டுமே எதிரி. சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்டுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், நாளாகும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கே செல்லும் என்பதால் ரொம்ப முன்னால் எழுத வேண்டாம். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. அமெரிக்க விண்ணப்பங்கள் டிசம்பர், ஜனவரியில் முடியும். ஆகவே அதற்கு முந்தைய ஆண்டின் கோடையிலேயே மொழி வகுப்பு தொடங்கியிருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியரிடம் ‘நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்’ என்ற பதில் வந்தால் பணிவாக மறுத்து, உங்கள் ஆய்வுத் திட்டத்தையும் வகுப்பில் செய்த வேலையின் பட்டியலையும் கையில் கொடுங்கள். ஒரே நடையில் மூன்று கடிதம் போனால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எழுத்து மாதிரியாகத் தமிழ் ஆய்வுக் கட்டுரையை மொழிபெயர்த்து அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். அனுப்பலாம். ஒரு மொழியின் நூல்களை மூலத்தில் ஆராயத் தெரிந்தவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆறாம் படி: களப்பணிக்கு முன்

எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் ஓர் ஆண்டாவது களத்தில் இருக்க வேண்டியிருக்கும். சுற்றுலா விசாவில் போய் ஒலிப்பதிவு செய்யக் கூடாது. கென்யாவில் நாகோஸ்டி, தான்சானியாவில் கோஸ்டெக் என்ற அமைப்புகளிடம் ஆய்வு அனுமதி வாங்க வேண்டும். சான்சிபாருக்குத் தனி அனுமதி. உள்ளூர் நிறுவனம் ஒன்றோடு இணைந்திருப்பதைக் காட்டச் சொல்வார்கள். சான்சிபார் அரசுப் பல்கலைக்கழகம் வெளிநாட்டவருக்கு ஸ்வாஹிலி கற்பிப்பதால், அங்கே ஒரு பருவம் படிப்பது மொழிக்கும் அனுமதிக்கும் சேர்த்து உதவும். பாடகரையோ கதைசொல்லியையோ பதிவு செய்யும் முன் அவருக்கு என்ன கிடைக்கும், பதிவின் பிரதி யாரிடம் இருக்கும் என்று பேசி முடித்துவிடுங்கள். நம் ஏரியா கானா பாடகரிடம் யாராவது பதிவு செய்துவிட்டுக் காணாமல் போனால் நமக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் மற்ற விதிகள் புரியும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையில் கிண்டி கிங் நிறுவனத்திலும், ராஜாஜி சாலையில் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் கப்பலில் வேலை பார்க்கும் அண்ணன் யாராவது இருந்தால் எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று சரியாகச் சொல்வார். பாஸ்போர்ட் கையில் வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுளுக்கும் செல்லும். மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். கென்யா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து அந்த அட்டை இல்லாமல் திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள்.